மாலைப் பொழுதை மீட்போம்

(தென்காசி வட்டாரம் மேலகரத்தில், சுற்றுவட்டார ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடத்தப்பெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

இத்தகைய முகாம்களில் நம்மைப் போன்ற அலுவலர்கள் சாலை, குடிநீர், தெருவிளக்கு, தொகுப்பு வீடு ஆகியவற்றைப் பற்றியே பேசுவது வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு மதிப்பீடு கிடையாது, ஒப்பந்தப்புள்ளி கிடையாது, மேலிடத்திலிருந்து நிதி ஒதுக்கீடும் கிடையாது. எனினும் நம் ஊர்களில் இப்பொழுது மிக விரைவாகக் கரைந்துவரும் செல்வம் அதுவே. விளக்கு வைத்த பின்னர் உறங்கப் போகும் வரையில் உள்ள மாலைப் பொழுதைத்தான் குறிப்பிடுகின்றோம்.

சென்ற கார் பருவத்தின்போது ஒரு சிற்றூருக்கு மாலை ஏழரை மணியளவில் செல்ல நேர்ந்தது. தெருவின் இரு மருங்கிலும் திண்ணைகளில் ஆட்கள் இருந்தனர்; ஆனால் பேச்சொலி இல்லை. ஒவ்வொரு முகத்தின் மீதும் நீல வெளிச்சம் விழுந்திருந்தது. தாத்தா ஒரு கைபேசி, பேரன் ஒரு கைபேசி, உள்ளே அடுப்படியில் சாய்த்து வைத்த மற்றொரு கைபேசி. நாம் வந்ததையும் எவரும் கவனிக்கவில்லை. தெருக்கோடியில் ஒரு தெருவிளக்கு எரியாமல் இருந்தது. எத்தனை நாளாக எரியவில்லை என்று கேட்டோம். 'அப்படியா? எரியவில்லையா?' என்றார் ஒரு பெரியவர். அவர் வீடு அந்த விளக்குக் கம்பத்துக்கு நேர் எதிரே இருக்கின்றது! அன்று முதல் இந்தப் பொருள் நம் மனத்தை உறுத்தி வருகின்றது.

ஊர் கேட்டது ஒரு காலம்

இன்றைய நிலை ஒரே நாளில் வந்ததன்று. வானொலி வந்த காலத்தில் ஊருக்கு ஒரு பெட்டி இருந்தது. பஞ்சாயத்துக் கட்டடத்திலோ பூங்காவிலோ அதை வைத்து ஒலிபெருக்கியில் இணைப்பார்கள். மாலையில் மக்கள் கூடுவார்கள்; செய்தி கேட்பார்கள்; விலைவாசி கேட்பார்கள்; பாட்டுக் கேட்பார்கள். ஒலிபரப்பு முடிந்ததும் பெட்டியை மூடிப் பூட்டிவிடுவார்கள். கேட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டே வீடு திரும்புவார்கள். திருநெல்வேலி வானொலி நிலையம் 1963ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பின் நம் பகுதிப் பேச்சும் நம் பகுதிப் பயிர்ச் செய்தியும் அப்பெட்டியில் வரலாயின.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் பிறந்தது. முதலில் ஊருக்கு ஒன்றிரண்டு பெட்டிகள். பின்னர்த் தெருவுக்கு ஒன்று. 2006 முதல் தமிழக அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விலையின்றி வழங்கிய பின்னர் ஏழை வீடுகளிலும் ஒன்று. அப்பொழுதும் வீட்டார் அனைவரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே காட்சியைப் பார்த்தனர். எந்த நிகழ்ச்சி வைப்பது என்று சண்டையிட்டனர் என்றாலும், சண்டையிடுவதற்காவது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருந்தது.

2016ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இணையக் கட்டணம் அடிமட்டத்துக்கு வீழ்ந்தது. 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் கைபேசியில் வந்தமையால், கடன் வாங்கியாவது பிள்ளைக்கு ஒரு கைபேசி வாங்கித் தர வேண்டிய நிலை பெற்றோருக்கு ஏற்பட்டது. தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் நாள் மீண்டும் திறந்தன. பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினர்; கைபேசி பிள்ளைகளின் கையிலேயே நின்றுவிட்டது.

ஆக, ஊருக்கு ஒன்றாக இருந்தது வீட்டுக்கு ஒன்றாகி, இன்று ஆளுக்கு ஒன்றாகிவிட்டது.

மூடாத மடை

கைபேசியில் வரும் கேளிக்கைக்கும் முந்தியவற்றுக்கும் உள்ள வேற்றுமையை விவசாயிகளுக்கு விளங்கவைப்பது எளிது. வில்லுப்பாட்டு விடிந்ததும் முடிந்துவிடும். நாடகத்துக்கு மங்களம் உண்டு. புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. வானொலிக்கும் ஒலிபரப்பை நிறைவு செய்யும் நேரம் இருந்தது. இப்பொழுது 'ரீல்ஸ்' என்றும் 'ஷார்ட்ஸ்' என்றும் வரும் துண்டுப் படங்களுக்கு முடிவு என்பதே கிடையாது. ஒன்று ஓடி முடியுமுன் அடுத்தது வந்து நிற்கின்றது. எதை நீங்கள் அதிக நேரம் பார்த்தீர்கள் என்று கணக்கு வைத்து, அதே மாதிரியானவற்றையே அந்த இயந்திரம் எடுத்து எடுத்து வழங்குகின்றது. நீங்கள் எத்தனை நிமிடம் பார்க்கின்றீர்களோ அத்தனை விளம்பரம். எத்தனை விளம்பரமோ அத்தனை வருமானம். ஆகவே, நீங்கள் எழுந்து போகாமல் இருப்பதே அந்தத் தொழிலின் முதல்.

மடையைத் திறக்கத் தெரிந்தவனுக்கு அடைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். சிற்றாற்று நீரே ஆயினும் அடைக்காத மடை வயலை அழுகச் செய்துவிடும். நாம் சொல்லும் கேளிக்கை மடையில் அடைக்கும் பலகையை எவரும் வைக்கவில்லை. அதை நாமே செய்து போட்டுக்கொள்ள வேண்டும்.

இதனால் விளையும் தீங்குகளைச் சுருக்கமாகச் சொல்லுவோம்.

முதலாவது, உறக்கம். இரவு பன்னிரண்டு மணி வரையில் திரையைப் பார்த்துவிட்டு விடியற்காலையில் வயலுக்குப் போகிறவரின் கண்ணும் கையும் ஒத்துழைப்பதில்லை. முறைத் தண்ணீர் இரவு இரண்டு மணிக்கு என்றிருந்த ஒரு விவசாயி, படம் பார்த்துக்கொண்டே கண்ணயர்ந்து தம் முறையைத் தவறவிட்ட செய்தி நம் பார்வைக்கு வந்தது. அடுத்த முறை வருவதற்குள் பூட்டை வெளிவரும் பயிர் வாடிவிட்டது. 'மழை பொய்த்தது என்று சொல்லவும் வழியில்லை, ஐயா' என்று அவர் கூறியபொழுது அவர் கண் கலங்கியது.

இரண்டாவது, குழந்தைகள். உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையில், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரையில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்றும் கூறியிருக்கின்றது. நம் அங்கன்வாடிப் பணியாளர்களைக் கேட்டுப் பாருங்கள். கைபேசி காட்டாவிட்டால் வாய் திறக்காத குழந்தைகள் எத்தனை என்று அவர்கள் சொல்லுவார்கள். நிலாவைக் காட்டிச் சோறூட்டிய காலத்தில் குழந்தை அம்மாவின் குரலைக் கேட்டு மொழி கற்றது. திரையோ குழந்தையிடம் பேசுமேயன்றி, குழந்தை பேசினால் அதற்கு மறுமொழி கூறாது.

மூன்றாவது, பணம். இணையத்தில் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளில் நகையையும் நிலப் பத்திரத்தையும் அடகு வைத்த குடும்பங்களை நாம் அறிவோம். தமிழக அரசு 2022ஆம் ஆண்டிலேயே இதற்கெனச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்தது. சட்டம் வந்துவிட்டது, ஆனால் சட்டம் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் வந்து உட்காராது.

நான்காவது, ஊர்ப் பொதுவாழ்வு. எரியாத விளக்கைப் பற்றி முன்னரே சொன்னோம். உலகத்தின் மறுகோடியில் நடந்த சண்டையை அறிந்தவர்கள் பக்கத்து வீட்டில் மாடு நோயுற்றதை அறியாமல் இருக்கின்றனர்.

கருவி பகையன்று

இவ்வாறு கூறுவதால் கைபேசியை நாம் பழிக்கின்றோம் என்று எண்ணிவிட வேண்டாம். மழை முன்னறிவிப்பு அதில் வருகின்றது. மண்டி விலை வருகின்றது. கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தபடியே இயக்க முடிகின்றது. ஊரக வேலைக்கான கூலி வங்கிக் கணக்கில் வந்து விழுந்த செய்தியும் அதில்தான் வருகின்றது. நமக்கு அருகிலுள்ள மத்தளம்பாறையில் 2011 முதல் சோகோ மென்பொருள் நிறுவனம் இயங்கி வருகின்றது. சிற்றூர்ப் பிள்ளைகள் கணிப்பொறி முன் அமர்ந்து சம்பாதிக்கின்றனர். கத்தி காய் நறுக்கவும் பயன்படும், கையை வெட்டிக்கொள்ளவும் பயன்படும். நறுக்கி முடிந்தபின் கத்தியை எடுத்து வைக்கும் இடம் ஒன்று வீட்டில் உண்டல்லவா? கைபேசிக்கும் அப்படி ஓரிடமும் ஒரு நேரமும் வேண்டும் என்பதே நம் கருத்து.

வட்காவ் காட்டிய வழி

'இதெல்லாம் நடக்கிற காரியமா?' என்று கேட்பீர்கள். நடந்திருக்கின்றது. மகாராஷ்டிர மாநிலம் சாங்லி மாவட்டத்தில் வட்காவ் என்றொரு கிராமம். ஏறத்தாழ மூவாயிரம் மக்கள். பெரும்பாலோர் கரும்பு ஆலைத் தொழிலாளர்களும் விவசாயிகளுமே. கொரோனாக் காலத்துக்குப் பின் பிள்ளைகள் படிப்பில் கவனமின்றித் திரையே கதியெனக் கிடப்பதை அவ்வூர் ஆசிரியர்களும் பெற்றோரும் கண்டனர். 2022 ஆகஸ்டு 14ஆம் நாள் ஊர்க் கூட்டம் கூடியது. மறுநாளாகிய சுதந்திரத் திருநாள் முதல், மாலை ஏழு மணிக்குச் சங்கு ஒலித்தவுடன் ஊரிலுள்ள தொலைக்காட்சிகளையும் கைபேசிகளையும் நிறுத்திவிட வேண்டும், எட்டரை மணிக்கு மறு சங்கு ஒலித்த பின்னரே மீண்டும் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தனர்.

முதலில் ஆண்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்களாம். ஊராட்சித் தலைவர் பெண்களைக் கூட்டிப் பேசினார். தாங்களும் நெடுந்தொடர்களில் மூழ்கிக் கிடப்பதை ஒப்புக்கொண்டு, ஊர் முழுவதும் சேர்ந்து நிறுத்தினால் நாங்களும் நிறுத்துகின்றோம் என்று பெண்கள் முன்வந்தனர். அதன் பின்னரே திட்டம் நிலைபெற்றது. கோயிலில் சங்கு பொருத்தினர். ஊராட்சிப் பணியாளர்களும் அங்கன்வாடி, சுகாதாரப் பணியாளர்களும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் வீடு வீடாகச் சென்று எடுத்துரைத்தனர். இதைக் காண உலகச் செய்தி நிறுவனங்கள் அச்சிற்றூருக்கு வந்தன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரு வீடு மட்டும் நிறுத்தினால் அவ்வீட்டுப் பிள்ளை அடுத்த வீட்டுக்குப் போய்ப் பார்க்கும். ஊரே நிறுத்தும்பொழுது எவருக்கும் இழப்பு இல்லை. தனி மனிதரால் இயலாததை ஊர்க் கட்டுப்பாடு இயலச் செய்கின்றது. கண்மாய் மராமத்தும் இப்படித்தானே நடந்தது?

பணக்கார நாடுகளும் இப்பொழுது பின்னோக்கித் திரும்பிப் பார்க்கின்றன. பள்ளிகளில் திரைகளை முந்திக்கொண்டு நிறைத்த ஸ்வீடன் நாடு 2023ஆம் ஆண்டில் அச்சிட்ட பாடப்புத்தகங்களை மீண்டும் மாணவர் கையில் கொடுப்பதற்கென அரசுப் பணம் ஒதுக்கியது. பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதை ஆஸ்திரேலிய நாடு 2025 டிசம்பர் 10 முதல் தடுத்தது. அவர்கள் அரைச் சுற்று சுற்றி வந்து சேரும் இடத்தை நாம் சுற்றாமலே அடையலாம்.

நம்மிடம் இருப்பவை

கைபேசியைக் கீழே வைத்துவிட்டால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் என்ன செய்வது? வெறுமையான கை மீண்டும் கைபேசியைத்தான் தேடும். ஆகவே அந்த இடத்தில் வேறொன்றை வைத்தாக வேண்டும். நம்மிடம் என்ன இருக்கின்றது என்று பார்ப்போம்.

நூலகம் இருக்கின்றது. இந்திய மாநிலங்களிலேயே பொது நூலகத்துக்கெனச் சட்டம் இயற்றிய பெருமை 1948ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்துக்குக் கிடைத்தது. அதற்காக உழைத்தவர் சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன். அச்சட்டத்தின்படி நாம் கட்டும் வீட்டுவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகச் சேருகின்றது. நீங்கள் ஒவ்வொருவரும் நூலகத்துக்குப் பணம் கட்டியவர்கள். உரிமையோடு உள்ளே போகலாம்! 2006 முதல் ஐந்தாண்டுகள் நடைபெற்ற அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகள்தோறும் நூலகக் கட்டடமும் எழுந்தது.

ஆனால் உண்மையை மறைக்கக் கூடாது. அத்தகைய ஒரு கட்டடத்தைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு நமக்கு ஏற்பட்டது. சாவி யாரிடம் என்று தேடுவதற்கே அரை மணி நேரம் ஆயிற்று. உள்ளே உரம் அடுக்கியிருந்தது. புத்தகக் கட்டுகள் கயிறு அவிழாமல் இருந்தன. அடிக்கட்டைக் கறையான் தின்றிருந்தது. இது அந்த ஊரின் குறை மட்டுமன்று. மேற்பார்வையிட வேண்டிய நம்மைப் போன்றோரின் குறையும் ஆகும். மூட்டைகள் அகற்றப்பட்டன; அறை வெள்ளையடிக்கப்பட்டது; பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருந்த ஒரு பெண் மாலையில் திறந்து வைக்க ஒப்புக்கொண்டார். முதல் நாள் நான்கு பிள்ளைகள் வந்தனர். அவர்களும் விளக்கு வெளிச்சத்தில் பூச்சி பிடிக்கவே வந்தனர்! அப்பெண் ஒரு கதையைப் பாதி வரையில் படித்துச் சொல்லி, மீதி நாளைக்கு என்று கூறிப் புத்தகத்தை மூடிவிட்டார். மறுநாள் நான்கு பேரும் தம்பி தங்கையரோடு வந்தனர். எந்த அதிகாரியும் கற்பிக்காத உத்தி இது.

1931ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். கட்டடமின்றி, மின்சாரமின்றி, மாட்டு வண்டியிலேயே நூலகம் நடந்தது. நமக்குக் கட்டடமும் இருக்கின்றது, மின்சாரமும் இருக்கின்றது. அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கத்தில் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளாகச் சிறு சிறு புத்தகங்கள் வெளிவந்திருக்கின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை முதல் சரளமாகப் படிக்கும் பிள்ளை வரையில் ஒவ்வொருவருக்கும் ஏற்ற நூல் அதில் உண்டு.

வானொலி இருக்கின்றது. 1956ஆம் ஆண்டில் பூனாவைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் 150 கிராமங்களைத் தெரிந்தெடுத்து ஒரு சோதனை நடத்தினர். யுனெஸ்கோ அதற்குத் துணை நின்றது. ஊருக்கு இருபது பேர் கொண்ட குழு. வாரம் இருமுறை அரைமணி நேரம் விவசாய ஒலிபரப்பு. அது முடிந்ததும் கேட்டதைப் பற்றிய கலந்துரையாடல். இவ்வாறு இருபது அமர்வுகள். முடிவில் ஆராய்ந்தபொழுது, குழுவாகக் கேட்டு விவாதித்த ஊர்களில் அறிவு பெருகியிருந்தது. வானொலி இருந்தும் குழு இல்லாத ஊர்களில் பெருக்கம் மிகச் சொற்பமாகவே இருந்தது. பெட்டி மட்டும் போதாது, கூடிப் பேசுதலே பயன் தருவது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நம் தஞ்சைத் தரணியில் 1960களில் ஏ.டி.டி. 27 என்னும் நெல் திருச்சி வானொலியின் விவசாய ஒலிபரப்பால் பரவியது. மக்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டுவிட்டனர். இன்று யூடியூபில் பயிர் மருத்துவம் சொல்லுகிறவர்கள் ஆயிரம் பேர் உளர். தனியாகப் பார்த்துத் தனியாக மருந்து வாங்கித் தெளித்து நட்டப்படுகின்றோம். அதே படத்தைப் பத்துப் பேர் சேர்ந்து பார்த்து, வேளாண்மை உதவி அலுவலரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு விவாதித்தால் நட்டம் வருமா?

கலை இருக்கின்றது. இந்த மேலகரத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்லாமல் விடலாகாது. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் இம்மண்ணிற் பிறந்தவர். அந்நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் நிலம் மானியமாக வழங்கினார். அது 'குறவஞ்சி மேடு' எனப் பெயர் பெற்றது. ஒரு பாட்டுக்கு விளைநிலம் கிடைத்த ஊர், ஐயா, நம் ஊர்! திருவாவடுதுறை ஆதீனத் தலைவராக விளங்கி, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையையும் அவர் மாணவர் உ. வே. சாமிநாதையரையும் ஆதரித்த சுப்பிரமணிய தேசிகரும் மேலகரத்தவரே. 1954இல் மறைந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் தம் கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்தார். அவரிடம் கூடிய அன்பர்கள் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அதைச் சொல்லிச் சொல்லி நெடுநேரம் சுவைப்பார்களாம். ஒரு பாட்டில் ஒரு மாலை கழிந்தது அக்காலம். ஒரு மாலையில் முந்நூறு துண்டுப் படங்களைக் கடந்தும் ஒன்றும் நினைவில் நில்லாதது இக்காலம்.

கோயில் கொடைகளில் விடிய விடிய வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் நடந்த சீமை இது. இன்னும் கலைஞர்கள் இருக்கின்றனர், அழைப்பவர்கள்தாம் குறைந்துவிட்டனர்.

கேட்கப்படும் கேள்விகள்

இக்கருத்தைச் சில ஊர்களில் எடுத்துரைத்தபொழுது மூன்று கேள்விகள் எழுந்தன. மூன்றும் நியாயமானவை.

ஒரு தாய் கேட்டார்: 'என் மகன் துபாயில் இருக்கின்றான். வேலை முடிந்து மாலையில்தான் கூப்பிடுவான். அதையும் நிறுத்தச் சொல்லுகிறீர்களா?' கடையநல்லூரிலும் தென்காசியிலும் அயல்நாட்டில் பிள்ளை இல்லாத தெரு அரிது. அவர்தம் குரலைக் கேட்பதற்குத் தடை சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. கைபேசி மணி ஒலித்தால் எடுங்கள். ஆர அமரப் பேசுங்கள். பேசுவதற்கன்று, பார்ப்பதற்கே ஓய்வு.

ஒரு மாணவி கேட்டார்: 'வீட்டுப் பாடம் வாட்ஸ்அப்பில் வருகின்றதே?' மாலை ஏழு மணிக்குமுன் அதைக் குறித்துக்கொள்ளலாம். தலைமையாசிரியர்களிடம் பேசி, ஏழு மணிக்குப் பிறகு அனுப்பாமல் இருக்கக் கேட்டுக்கொள்ளலாம்.

ஓர் இளைஞர் கேட்டார்: 'என் கைபேசியை நிறுத்தச் சொல்ல ஊராட்சிக்கு அதிகாரம் உண்டா?' இல்லை. இல்லவே இல்லை. அபராதம் விதிப்பதோ, வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதோ, குற்றம் சாட்டுவதோ கூடாது. இது மனமொப்பிச் செய்யும் ஏற்பாடு. குறிப்பாக, பெண்களிடமிருந்து மட்டும் கைபேசியைப் பறிப்பதற்கு இதை ஒரு சாக்காகக் கொள்வோரை நாம் முதலிலேயே எச்சரிக்கின்றோம். நிறுத்தினால் வீட்டுத் தலைவரின் கைபேசியே முதலில் நிற்க வேண்டும்.

செய்ய வேண்டுவன

ஆகவே உங்கள் முன் சில யோசனைகளை வைக்கின்றோம்.

1. சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகின்றது. அடுத்து வரும் கிராம சபையில் இப்பொருளைப் பேசுங்கள். ஊருக்கேற்ற நேரத்தை ஊரே தீர்மானிக்கட்டும். ஒன்றரை மணி நேரம் இயலாதாயின் முக்கால் மணி நேரத்தில் தொடங்குங்கள். நாள்தோறும் இயலாதாயின் வாரம் மூன்று நாட்கள் போதும்.

2. அதற்கு முன்னர் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கருத்தைக் கேளுங்கள். வட்காவில் பெண்கள் ஒப்புக்கொண்ட பின்னரே திட்டம் வேரூன்றியது.

3. தலைவரும் உறுப்பினர்களும் தத்தம் வீட்டில் ஒரு மாதம் செய்து பார்த்த பின்னர் ஊருக்குச் சொல்லுங்கள்.

4. ஊராட்சி நூலகத்தின் சாவி யாரிடம் என்பதை இன்றே கண்டுபிடியுங்கள். மாலையில் திறந்து வைக்க ஒரு படித்த இளைஞரையோ யுவதியையோ அமர்த்துங்கள். வாரம் ஒருமுறை, படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காக யாரேனும் ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்கட்டும்.

5. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை விவசாய ஒலிபரப்பையோ நல்லதொரு வேளாண்மைப் படத்தையோ கூடிக் கேட்டு, கூடிப் பார்த்து விவாதியுங்கள். வேளாண்மை உதவி அலுவலரை அழையுங்கள்.

6. ஊர்க் கொடையில் ஓர் இரவை வில்லுப்பாட்டுக்கு ஒதுக்குங்கள். சிறு பிள்ளைகள் முன் வரிசையில் உட்காரட்டும்.

7. மூன்று மாதங்களுக்குப் பின் என்ன ஆயிற்று என்பதை அடுத்த கிராம சபையில் ஒளிக்காமல் பேசுங்கள். தோற்றிருந்தால் தோற்றதையும் சொல்லுங்கள், மாற்றி அமைத்துக்கொள்ளலாம்.

நம் வீட்டுக் கதை

முடிக்கும் முன்னர் ஒன்று சொல்ல வேண்டும். ஊருக்கு உபதேசம் செய்ய வந்தவர் தம் வீட்டை எப்படி வைத்திருந்தார் என்று நீங்கள் கேட்கலாம். சரியாக வைத்திருக்கவில்லை என்பதே விடை.

நம் தாயார் எழுபது வயது கடந்தவர், நடவு வயலிலே வளர்ந்தவர், எழுத்தறியாதவர். இரவு உணவு வேளையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவது அவர் வழக்கம். அலுவலகக் குழுச் செய்திகளைப் பார்ப்பதாகக் கையில் எடுக்கும் கைபேசி, பின்னர் எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விடும். காலில் முள் குத்திப் புண்ணாகியிருக்கின்றது என்று தாயார் மூன்று நாள் இரவு சொல்லியிருக்கின்றார். மூன்று நாளும் நாம் 'உம்' கொட்டியிருக்கின்றோம். நான்காம் நாள் அவரால் எழுந்து நிற்க இயலவில்லை. சர்க்கரை நோய் உள்ளவர், புண் ஆழமாகியிருந்தது. இரு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. 'நீ உம் என்றாய். சரி, கேட்டுக்கொண்டாய் என்று இருந்தேன்' என்று மட்டும் அவர் சொன்னார். கோபித்துக்கொண்டிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

அன்று முதல் மாலை ஏழு மணிக்கு நம் வீட்டுக் கைபேசிகள் அனைத்தும் சமையலறை அலமாரியின் மேல் தட்டுக்குப் போய்விடும். மணி ஒலித்தால் எடுப்போம். வெள்ளக் காலத்தில் அதை விட்டு அகலவும் இயலாது. மற்றப்படி எட்டரை மணி வரையில் தொடுவதில்லை. முதல் வாரம் கை பரபரத்தது; அதை மறைக்க விரும்பவில்லை. இப்பொழுது நம் மகள் பாட்டிக்கு நூலகப் புத்தகத்திலிருந்து கதை படித்துக் காட்டுகின்றாள். கதையில் வரும் வயல் வேலை தவறாக இருந்தால் பாட்டி நிறுத்திவிட்டு, நாற்றை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கின்றார். பள்ளியிலும் கிடைக்காத பாடம் அது.

உங்கள் வீட்டிலும் சொல்லுவதற்கு ஒருவர் காத்திருப்பார். அவர் சொல்லுவதைக் கேட்க மாலையில் ஒன்றரை மணி நேரம் தாருங்கள். நூலகச் சாவியைக் கண்டுபிடித்துவிட்டதாக அடுத்த கூட்டத்தில் எத்தனை ஊராட்சிகள் தெரிவிக்கின்றன என்பதை எதிர்பார்த்திருப்போம்.